பஸ் திரும்ப ஓர் இடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கண்ணுகளா, முதலில் அந்தச் சார்ட் பேப்பரைச் சுருட்டி ஓரமாக வையுங்கள். பெரிய வட்டம் போட்டு, அதற்குள் ‘சமுதாயம்’ என்று எழுதி, நாலு பக்கமும் அம்புக்குறி விட்டிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. நானும் அந்தக் காலத்தில் கலர் கலராக வரைந்தவள்தான். ஆனால் இந்தச் சேர்வராயன் மலையில் இத்தனை வருஷம் ஏறி இறங்கியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். அந்த வட்டத்தை நாம் வரைய முடியாது. ஊர்தான் வரையும். அதுவும் சும்மா வரையாது. சண்டை போடும், கோபித்துக்கொண்டு போகும், திரும்பி வரும், அப்புறம்தான் வரையும்.

என்னை இந்த மலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மீட்டிங்கம்மா’ என்பார்கள். நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், டீக்கடைக்காரர் உள்ளே பார்த்துச் சத்தம் போடுவார்: “மீட்டிங்கம்மா வந்தாச்சு! இன்னிக்கு எந்த ஊருக்குத் தலைவலியோ!” எனக்கு அதில் வருத்தமே கிடையாது. ஜனங்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் என் பிழைப்பு. சமையல்காரரைச் சமையல்காரர் என்று சொன்னால் கோபம் வருமா?

நான் நடத்தியதிலேயே படுமோசமான கூட்டம் எது என்று உங்களில் யாரோ கேட்டீர்கள். நன்றாகக் கேட்டீர்கள். அதைச் சொல்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வருகிறது.

கொட்டச்சேட்டுக்கு அந்தப் பக்கம், காபி எஸ்டேட்டுகளைத் தாண்டி மேலே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், ரோஷக்காரர்கள். ரோடு போய் முடிகிற இடத்தில் இடது கையில் கோயில், வலது கையில் சர்ச். கோயிலைச் சுற்றி இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக ராகியும் சாமையும் பலாவும் வைத்துப் பிழைக்கிற விவசாயிகள். சர்ச்சுக்குப் பின்னால் இருப்பவர்கள் எஸ்டேட் வேலைக்கு என்று வந்து அங்கேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுடைய வரிசை வீடுகளுக்கு ‘லைன்’ என்று பெயர்.

இரண்டு பக்கமும் நன்றாகத்தான் பழகும். இவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் சாப்பிடுவார்கள், அவர்கள் கிறிஸ்துமஸ் பலகாரம் இவர்கள் வீட்டுக்கு வரும். ஆனால் ஊருக்குப் பொது வேலை என்று வந்தால், பாதை சரிசெய்யவோ ஊற்றைத் தூர்வாரவோ, காலையில் ஒருவர் வீடு வீடாகப் போய், “ஊட்டுக்கு ஒரு ஆளு வாங்கோ!” என்று கூப்பிடுவார். அந்தக் குரல் கோயில் மேட்டோடு நின்றுவிடும். லைனுக்குள் போகாது. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போக வேண்டும் என்றும் யாரும் சொன்னதில்லை. அது அப்படியே ஒரு வழக்கமாகி விட்டது.

அந்த ஊருக்கு ஏற்காட்டிலிருந்து ஒரே ஒரு பஸ். ரோட்டுக் கடைசியில் இருந்த காலி இடத்தில்தான் அது திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மழையில் அந்த இடம் அப்படியே சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு டிரைவர் செல்வம் மேலே வந்ததும் பின்னாலேயே இறக்கி, கீழே உள்ள வளைவில் போய்த் திருப்புவார். ஒரு நாள் பின்சக்கரம் ரோட்டை ஒட்டிய ஓடைக்கு மேல் பாதி தொங்கிவிட்டது. எல்லோரும் அலறிக்கொண்டு குதித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு கூடைக் கொய்யாப்பழம்தான் பள்ளத்தில் போனது. டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மேலே பஸ் திரும்ப இடம் வேண்டும், இல்லாவிட்டால் பஸ் கீழே ரோடு பிரிகிற முக்கோடு நின்றுவிடும்.

முக்கிலிருந்து ஊருக்கு நடக்கிற வழி முழுக்க எஸ்டேட். சாயங்காலமானால் காட்டுமாடு நடு ரோட்டில் நிற்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், செல்போனில் படம் பிடித்திருப்பீர்கள். தினமும் அதன் முன்னால் நடந்து பாருங்கள், அப்போது தெரியும்.

லைனில் ஆரோக்கியமேரி என்று ஒரு பெண், காபி பறிக்கிறவர். அவர் மகள் ஜெனிபர் ஏற்காட்டில் பிளஸ் டூ படிக்கப் போகிறாள். லைனில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த வகுப்பைத் தொட்டதில்லை. மேரி என்னிடம் நேராகவே சொன்னார்: “பஸ்ஸு மேல வரலீன்னா இவளை நிறுத்திருவனுங்கக்கா. காட்டுமாடு நிக்கற வழியில பொட்டப்புள்ளைய நடக்க உட்டுட்டு நான் எப்படிங்க காபி பறிக்கறது? கை ஓடுமுங்களா?” ஜெனிபர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்காகத்தான் கூட்டம். ஏற்காடு யூனியன் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். நல்ல பையன், வேகமான பையன். ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். கோயில் பக்கம், வைகாசித் திருவிழாவில் சாமியை இறக்கி வைக்கும் கல் மேடை. சர்ச் பக்கம், மாதா சிலை நிற்கிற சின்னக் கெபியும் அதைச் சுற்றி வேலி போட்ட டேலியாப் பூந்தோட்டமும். “ரெண்டுல ஒண்ணை எடுத்தாகணும். கோயில் பக்கமா, சர்ச் பக்கமா? கை தூக்குங்க, எண்ணிடலாம்” என்றார்.

எண்ணினால் என்ன ஆகும் என்று எண்ணாமலே தெரியும். விவசாயிகள் வீடு அதிகம். முன்வரிசையில் ஊர்த்தலைவர், ஊர்க்கவுண்டர் வெள்ளையன், கையைத் துண்டுக்கு வெளியே எடுத்துத் தயாராக வைத்திருந்தார். மேரி தன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

எனக்குச் சட்டென்று அந்த ஊர்க் குழாய் ஞாபகம் வந்தது. முன்பு ஒரு தடவை, தண்ணீர்க் குழாயை எங்கே வைப்பது என்று இதே மாதிரி கை தூக்கித்தான் முடிவு செய்தார்கள். லைன் தோற்றது. லைன்காரர்கள் சண்டை போடவில்லை. “எங்களுக்கு ஊத்துத் தண்ணியே போதுமுங்க” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போனார்கள். கோயில் பக்கத்துப் பெண்களுக்கு அவர்கள் பார்க்கக் குழாயைத் திறக்கக் கூச்சம். அவர்களும் ஊற்றுக்கே போக ஆரம்பித்தார்கள். கடைசியில் தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் பள்ளத்தில் நின்று தண்ணீர் மொண்டார்கள், மேலே குழாய் துருப்பிடித்தது. இப்படியும் ஒரு ஊர் உண்டா என்று கேட்காதீர்கள். இந்த மலையில் உண்டு.

நான் எழுந்தேன். “சார், கையை எண்ண வேண்டாம்.”

“மேடம், இது முறைதான்.”

“முறைதான் சார், இல்லைன்னு சொல்லல. மண்ணை யார் வெட்டறது? பணம் சாங்ஷனாகி மிஷின் வர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துல அரையாண்டுப் பரீட்சையே வந்துரும். இவங்க கைதான் வெட்டோணும். தூக்கற கையும் வெட்டற கையும் ஒண்ணுதானுங்களே!”

பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு விதி போட்டேன். அடுத்தவர் இடத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது. அவரவர் பக்கத்தில் எவ்வளவு விட முடியும் என்று மட்டும் பேச வேண்டும்.

அவ்வளவுதான். ஊரே ஊமையாகிவிட்டது. யாரோ ஒருவர் செல்போன் அடித்தது, அதையும் அவர் எடுக்கவில்லை. வெள்ளையக் கவுண்டர் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். சர்ச்சில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் மேலே கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், “மாட்டைப் புடிச்சுக் கட்டோணுமுங்க” என்று எழுந்தார். அடுத்தவருக்கும் மாடு ஞாபகம் வந்தது. மாடே இல்லாதவர்களும் மாடு கட்டப் போனார்கள். கூட்டம் முடிந்தது. அதிகாரி வண்டியை உதைத்துக்கொண்டே, “கை தூக்கியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதையாவது தாங்கிக்கொண்டேன். மேரி வந்து கேட்டதுதான் சுட்டது. “ஏனுங்கக்கா இப்படிப் பண்ணுனீங்க? நாங்க தோத்திருந்தாக்கூட பஸ்ஸு வந்திருக்குமுங்களே! எங்களுக்கு ஜெயிக்கோணும்னா ஆச? பஸ்ஸு வரோணும், அவ்வளவுதானுங்க!”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களா? எனக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குழாயில் நடந்ததும் நிஜமாக இருந்தது. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணுகளா நம் வேலை. பயமாகத்தான் இருந்தது. “மேரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலீன்னா நானே அந்தச் சாரைக் கூட்டியாந்து கை தூக்க வெக்கறேன்” என்றேன். மேரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது என்னோடு உங்களைப் போல ஒரு தம்பி வேலை பார்த்தான். “மேடம், வீடு வீடாகப் போய்ப் பேசலாம், கன்வின்ஸ் பண்ணலாம்” என்று குதித்தான். வேண்டாம் என்று உட்கார வைத்தேன். நாம் போனால் நமக்காகப் பேசுவார்கள். நாம் போகாவிட்டால் அவர்களுக்குள் பேசுவார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு நமக்கு யாரும் தனியாகச் சம்பளம் தருவதில்லை, ஆனால் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை அதுதான். எனக்கு வாய் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும்.

மேலே நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளையக் கவுண்டர் வீட்டில் அவர் சம்சாரம் பாப்பாத்திதான் ஆரம்பித்திருக்கிறார். பள்ளத்தில் போன கொய்யாப்பழம் அவருடையது. அடுத்தவர் இடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் போட்ட விதியை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். “மாதாவைப் பத்திப் பேசக் கூடாதல்ல? சரி, நம்ம மேடையப் பத்திப் பேசலாம். மேடைக்குச் சாமி வருசத்துல ஒரு நாள் வருது. பஸ்ஸுல நான் தெனமும் போறேன். நகத்தி வெச்சா சாமி இறங்க மாட்டேன்னா சொல்லீரும்?” என்று சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாராம். கவுண்டர் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை தன் பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினாராம். லைனிலும் அதே கதை. தங்கள் பக்கத்தைத் தவிர வேறு எதையும் பேச முடியாமல் போனதும் மேரி, “மாதா நாலு அடி தள்ளி நின்னா நம்மள உட்டுட்டா போயிருவாங்க?” என்று கேட்க, உபதேசியார் ஃபாதருக்குப் போன் போட்டிருக்கிறார். ஆனால் இந்தப் பக்கம் பேசியதை அந்தப் பக்கம் சொல்லவில்லை, அந்தப் பக்கம் பேசியதை இந்தப் பக்கம் சொல்லவில்லை. வீம்பு!

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஜீப்பில் மேலே போனேன். இரண்டு வளைவுக்குக் கீழேயே கூச்சல் கேட்டது. ஜீப்காரர் வண்டியை மெதுவாக்கி, “என்னுங்கம்மா, போலாமா, திருப்பீறட்டுமா?” என்றார். எல்லாம் போச்சு, அடிதடியாகிவிட்டது, ஜெனிபர் படிப்பும் போச்சு என்றே நினைத்தேன்.

போய்ப் பார்த்தால், இடது பக்கம் கடப்பாரையோடு விவசாயிகள். மேடையின் முன்படிகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மேடையில் கை வைக்கப்போகிறார்கள். வலது பக்கம் லைன்காரர்கள். வேலி போய்விட்டது. டேலியாச் செடிகள் மண்ணோடு பக்கெட்டில் வரிசையாக நிற்கின்றன. கெபிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுரோட்டில் கவுண்டரும் உபதேசியாரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள்.

“நாங்கதான் எடுக்கறமுன்னு சொல்றமல்ல, உங்க மாதாவை எதுக்குங்க அசைக்கறீங்க? நாளைக்குப் பேச்சு எங்களுக்கல்ல வரும்!”

“அதெப்படிங்க கவுண்டரே? காலைல ஜெபம் முடிச்சு மொதல்ல வேலி புடுங்குனது நாங்க! நீங்க அப்பறந்தானே கடப்பாரையத் தூக்குனீங்க?”

“நாங்க நேத்தே பேசி முடிச்சாச்சு!”

“நாங்க வெள்ளிக்கிழமையே ஃபாதரைக் கேட்டாச்சு!”

நான் ஜீப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர். “மீட்டிங்கம்மா, இளிக்காம ஒரு நாயம் சொல்லுங்க!” என்று இரண்டு பேரும் என் மேல் பாய்ந்தார்கள். நான் என்ன நியாயம் சொல்ல? மேடையை எடுங்கள் என்றால் லைன் மறுபடியும் தோற்றது. கெபியை எடுங்கள் என்றால் கோயில் பக்கம் தோற்றது. விட்டுக்கொடுப்பதிலும் தோற்கிறவர் இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை.

அந்த நேரம் பார்த்துச் செல்வத்தின் பஸ் வந்தது. ரோட்டை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து ஹாரன் அடித்தார். கத்திக்கொண்டே எல்லோரும் கோயில் மேட்டில் பாதி, சர்ச் வாசலில் பாதி என்று ஏறி நின்றார்கள். நின்றும் சண்டை ஓயவில்லை, இந்த மேட்டிலிருந்து அந்த வாசலுக்குப் போனது. பஸ் நடுவே வந்தது. வேலி போன இடத்தில் மூக்கை விட்டது. பின்னால் வந்தது, படி போன இடத்தில் வாலை விட்டது. முன்னால் போனது, பின்னால் வந்தது, இன்னும் ஒரு தடவை முன்னால் போனது. அப்புறம் ஏற்காட்டைப் பார்த்து நின்றது.

பஸ் திரும்பிவிட்டது! மேடை அப்படியே இருக்கிறது, கெபி அப்படியே இருக்கிறது. கவுண்டர் திறந்த வாயை மூடவில்லை. செல்வம் ஜன்னலில் தலையை நீட்டி, “நீங்க சண்டைய முடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் டீ குடிச்சுட்டு வர்றேன்” என்றார்.

‘இதுவா அதுவா’ என்று கேட்டதால் இத்தனை நாள் எல்லோரும் இதையும் அதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான். நடுவில் ரோடு இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

இன்னும் வேலை பாக்கி இருந்தது. பஸ் முட்டி மோதாமல் ஒரே வளைப்பில் திரும்ப இரண்டு பக்கமும் மண் வெட்டி, ஓடை ஓரம் கல் அடுக்க வேண்டும். மறுநாள் காலையில் சடையன் புறப்பட்டார். ஊருக்குக் கூப்பிடுகிற குரல் அவருடையதுதான். “ஊட்டுக்கு ஒரு ஆளு வாங்கோ!” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கோயில் மேட்டில் வழக்கம்போல நின்றார். நின்றவர் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏண்டா நின்னுட்ட? அங்கயும் ஊடு இருக்குதல்ல?” என்றாராம்.

மேரி எனக்குப் போன் செய்தார். எடுத்ததும் அழுகைதான் வந்தது. நான் பயந்தே போனேன். “ஒண்ணுமில்லீங்கக்கா. எங்கப்பன் இந்த ஊருலதானுங்க பொறந்தாரு. எங்க ஊட்டு வாசல்ல அந்தச் சத்தம் இன்னிக்குத்தானுங்க கேட்டுச்சு. நொம்ப சந்தோசமுங்க. ஊட்டுக்கு ஒரு ஆளுன்னாங்க, நானும் புள்ளையும் ரெண்டு பேரு போனமுங்க!” போனை வைத்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

எல்லோரும் வந்தார்கள் என்று கதை விடமாட்டேன். மேடைப் படியை எடுத்தது பிடிக்காமல் ஒரு பெரியவர் வரவே இல்லை. இன்றும் பஸ் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். திரும்பி முடித்ததும் ஏறிக்கொள்வார்.

பள்ளிக்கூடம் திறக்கிற காலையைப் பார்க்க நான் முதல் நாளே போய் மேரி வீட்டில் தங்கியிருந்தேன். அந்த இளம் அதிகாரியும் வண்டியில் வந்துவிட்டார், படம் எடுக்க. பஸ் வந்ததும் முன்கண்ணாடிக்கு மேலே கோயில் பூமாலை ஒன்று, டேலியா மாலை ஒன்று என்று கட்டினார்கள். செல்வம் ஸ்டீயரிங்கை ஒரே பிடியாகப் பிடித்துச் சுற்றினார். ஒரே வளைப்பு! விசில் பறந்தது. கவுண்டர் படியில் தொற்றிக்கொண்டு, “இன்னொருக்கா திருப்பு சாமி, நாங்களும் ஏறிக்கறம்!” என்றார். அவ்வளவுதான், கோயில் பக்கம், லைன் பக்கம், கிழடு, குஞ்சு, உபதேசியார், சடையன் எல்லோரும் ஏறிவிட்டார்கள். நானும் ஏறினேன். எனக்குப் பக்கத்தில் அதிகாரி நசுங்கிக்கொண்டு சிரிக்கிறார். பஸ் அந்த வட்டத்திலேயே சுற்றுகிறது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சத்தமோ சத்தம். என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் நடத்தியதில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கவுண்டர் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துவிட்டுக் கத்தினார்: “டேய் செல்வா, நிறுத்துடா! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!”

கீழே ரோட்டோரத்தில் ஜெனிபர் நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட யூனிபாரம், ரெட்டைச் சடை, தோளில் பை. எவ்வளவு நேரமாகக் கையை ஆட்டி, “ஸ்கூலுக்கு நேரமாச்சுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தாளோ, பாவம், குரல் கம்மிப் போயிருந்தது.

“யாருக்கோசரம் பஸ்ஸு வந்துச்சோ அந்தப் புள்ள கீழ நிக்குது. நாமெல்லாம் மேல ஏறிக் குதிக்கறோம்!” என்று கவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகவே கண்ணுகளா, கூட்டம் போடுங்கள், வட்டமும் வரையுங்கள். சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

எல்லோரும் வெட்கத்தோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நானும் அதிகாரியும்தான் கடைசியாக இறங்கினோம். பாப்பாத்தி கொய்யாக் கூடையைத் தூக்கப்போனவர், “நீ மொதல்ல ஏறு கண்ணு” என்று ஒதுங்கி நின்றார். ஜெனிபர் ஏறினாள். பஸ் முழுக்க இடம் இருந்தது.